கொக்கோ? கொடியோ? – குகைக் கல்வெட்டுகள் கற்பிக்கும் அறிவுநெறி

தொலைவில் வெண்மையாக ஏதோ ஒன்று தெரிகிறது. பார்த்தவன் உள்ளத்தில் முதலில் எழுவது 'வெண்ணிறப் பொருள்' என்னும் உணர்வு மட்டுமே. அடுத்த நொடியில், 'அது கொக்காக இருக்குமோ, கொடியாக இருக்குமோ' என்னும் தேடல் பிறக்கிறது. அப்பொருள் மேலெழுந்து, தாழ்ந்து, சிறகடிப்பதைக் கண்டதும், 'அது கொக்கே, கொடியன்று' எனத் துணிகிறான். மாலையில் அதே பறவையைக் காணும்போது, காலையில் கண்டது இதுவே என நினைவு கூர்கிறான்.

உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரத்துக்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வகுத்த பூச்சியபாதர், மதிஞானத்தின் நான்கு படிகளை விளக்கக் காட்டிய எடுத்துக்காட்டு இது. முதற்பற்று அவக்கிரகம், தேடல் ஈஹை, துணிவு அவாயம், நினைவில் நிறுத்தல் தாரணை. பூச்சியபாதரின் மாணாக்கர் வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தைத் தோற்றுவித்தார் எனத் தேவசேனரின் தரிசனசாரம் கூறுகிறது. கி.பி. 470ஐ ஒட்டிய நிகழ்ச்சியாக அது கணிக்கப்படுகிறது. அந்த மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில், வச்சிரநந்தியின் காலத்துக்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே சமண முனிவர்கள் கற்படுக்கைகளில் துயின்றனர். அப்படுக்கைகளின் அருகே வெட்டப்பட்ட எழுத்துகளை உலகம் மீண்டும் படித்தறிந்த வரலாறு, அவக்கிரகம் முதல் தாரணை வரையிலான இந்நான்கு படிகளின் வரலாறாகவே அமைந்திருக்கிறது.

உள்ளுணர்வுக்கு உரிய இடம்

'உள்ளுணர்வு' என்று இக்காலத்தார் வழங்கும் ஆற்றலைச் சிலர் அவதிஞானத்தோடு ஒப்பிட்டுப் பேசுவர். இது பொருந்தாது. அவதி, மனப்பர்யயம், கேவலம் ஆகிய மூன்றும் பொறிகளின் துணையும் மனத்தின் துணையும் இன்றி உயிர் தானே நேராக அறிவன. ஓர் ஆய்வாளர் கல்லைப் பார்த்தவுடன் பெறும் திடீர்த் தெளிவு கண்ணாலும் மனத்தாலும் விளைவது. ஆகவே அதன் இடம் மதிஞானமே.

மதிஞானத்துக்குள்ளும் அதற்குத் தனி இடம் வகுக்கப்பட்டுள்ளது. அறியப்படும் பொருளின் வகைகளைத் தத்துவார்த்த சூத்திரம் அடுக்கும்போது, விரைந்து பற்றுவது, முழுதும் வெளிப்படாததைப் பற்றுவது, சொல்லப்படாததைப் பற்றுவது ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுகிறது. நீருக்கு மேலே துதிக்கை மட்டும் தெரிய, உள்ளே யானை முழுகியிருப்பதை ஒருவன் உணர்வதை உரைமரபு எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஒரு பகுதியைக் கண்டு முழுமையை ஒரே வீச்சில் உணரும் இவ்வாற்றலையே இன்று உள்ளுணர்வு என்கிறோம்.

சமண ஆசிரியர்கள் அதனை இகழவில்லை. அறிவின் வகைகளுள் ஒன்றாகவே ஏற்றனர். அதே வேளையில், அதனை முடிந்த முடிபாகவும் கொள்ளவில்லை. வெண்மையைக் கண்டவன் ஈஹையாகிய தேடலைக் கடந்தாலன்றி அவாயத்தை அடைய இயலாது. தேடாமல் துணிந்தால், கொடியைக் கொக்கு என்று சாதிக்கும் நிலையே வந்து சேரும்.

முதற்பற்று பிழைத்த வரலாறு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ளது மாங்குளம். அங்குள்ள குன்றின் குகைகளில் காணப்படும் எழுத்துகளை 1882இல் ராபர்ட் சிவெல் வெளியுலகுக்கு அறிவித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழவளவு, மருகால்தலை முதலிய இடங்களிலும் இத்தகைய கல்வெட்டுகள் அடுத்தடுத்து வெளிப்பட்டன. ஊர்மக்கள் இக்குகைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று வழங்கி வந்தனர். வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகளைக் கண்டவர்கள், காட்டில் அலைந்த ஐவரை நினைத்தது இயல்பே. துறவியர் உறைவிடம் என்னும் நினைவு அறுந்துபோன ஊர்களில், அறிந்த கதை அவ்விடத்தை நிரப்பிக்கொண்டது.

கற்றறிந்த ஆய்வாளர்களும் முதற்பற்றில் பிழைபட்டனர். அவர்களுக்கு முன்னே இருந்த சான்றுகள் மூன்று. எழுத்து, அசோகர் கல்வெட்டுகளில் காணும் பிராமியை ஒத்திருந்தது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தது முதல் அவ்வெழுத்து அறிஞர்களுக்குப் பழக்கமானது. இலங்கையில் இதே போன்ற குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் பௌத்த துறவியருக்கு உரியனவாக இருந்தன. 'தம்மம்' போன்ற பாகதச் சொற்களும் கல்லில் ஆங்காங்கே காணப்பட்டன. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள், மொழி பாகதம் என்றும் சமயம் பௌத்தம் என்றும் எண்ணினர்.

அந்த எண்ணம் அறியாமையால் பிறந்ததன்று. முன்பு கண்டவற்றிலிருந்து உள்ளம் தானாக வருவித்துக்கொண்ட முடிவு அது. உள்ளுணர்வின் வலிமையும் குறையும் இங்கேயே இருக்கின்றன. பழகியதை அது நொடியில் கண்டுகொள்ளும். புதியதையும் பழகியதாகவே கண்டுவிடும். அசோகரின் கல்வெட்டுகளைப் பல முறை படித்துப் பழகிய கண், தமிழ்நாட்டுக் குன்றிலும் அசோகரின் மொழியையே தேடிற்று. கிடைத்த எழுத்துகளைக் கூட்டிப் பார்த்தபோது பொருள் விளங்காத ஒலித்தொடர்களே எஞ்சின.

மொழியை உணர்ந்தவர்

1924இல் சென்னையில் அனைத்திந்திய கீழ்த்திசை மாநாட்டின் மூன்றாம் கூட்டம் நடைபெற்றது. அதில் கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பாண்டிநாட்டுத் தொன்மையான நினைவுச் சின்னங்களையும் அவற்றின் கல்வெட்டுகளையும் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பது அவர் கொண்ட முடிவு.

அம்முடிவுக்கு அடிப்படையாகச் சில நுட்பமான கவனிப்புகள் இருந்தன. வடநாட்டுப் பிராமியில் காணப்படாத சில வடிவங்கள் இக்குகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை தமிழுக்கே உரிய ழகர, ளகர, றகர, னகரங்கள் எனக் கொண்டால் சொற்கள் உருப்பெறுகின்றன. மேலும், பாகதத்தில் மிகுதியாக வழங்கும் வர்க்க எழுத்துகள் இங்கு ஏறத்தாழ இல்லை. கடன் சொற்களில் மட்டும் அரிதாகத் தலைகாட்டுகின்றன. ஒரு மொழியில் என்ன இருக்கிறது என்பதைப் போலவே, என்ன இல்லை என்பதும் அதன் அடையாளம். எல்லாரும் இருப்பதையே எண்ணிக்கொண்டிருந்தபோது, இல்லாததைக் கவனித்தது சுப்பிரமணிய ஐயரின் கூர்மை.

இதனை உள்ளுணர்வு என்று கூறலாமா? கூறலாம். ஆனால் அது வெறும் வெளியிலிருந்து வந்ததன்று. பல்லாண்டுகள் தமிழ்க் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தவரின் செவியில் தமிழ்ச் சொல்லின் ஓசை ஊறிக்கிடந்தது. அவ்வோசையின் சாயல் கல்லில் தென்பட்டதும் உள்ளம் விழித்துக்கொண்டது. அதன் பின்னர் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பணி தொடங்கிற்று. அவக்கிரகம் வேறாக அமைந்தமையால், ஈஹையும் வேறு வழியில் சென்றது.

ஆயினும் அனைத்தும் உடனே விளங்கிவிடவில்லை. பெரிய இடர்ப்பாடு ஒன்று எஞ்சியிருந்தது. அசோகர் கால எழுத்துமுறையில் ஒவ்வோர் எழுத்தின் அடிப்படை வடிவமும் அகரம் ஏறியே ஒலிக்கும். பாகதச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடிவன. ஆகவே தனிமெய்யை எழுதும் தேவை அங்குக் குறைவு. தமிழிலோ மெய்யில் முடியும் சொற்கள் ஏராளம். தொல்காப்பியம் கூறும் புள்ளியைத் தொடக்ககாலக் குகைக் கல்வெட்டுகளில் காண இயலவில்லை. அக்கல்வெட்டுகளுள் சிலவற்றை எழுதியோர் வேறொரு வழியைக் கையாண்டனர். அடிப்படை வடிவத்தை மெய்யாகவே கொண்டனர். அகரம் வேண்டிய இடத்தில், வடநாட்டார் ஆகாரத்துக்கு இடும் சிறு கோட்டையே இட்டனர். இம்முறையில் 'மகன்' என்று எழுதியதை அசோகர் கால விதிப்படி படித்தால் 'மாகான' என்று வரும். எழுதியவன் பிழை செய்யவில்லை. படித்தவனே வேறொரு விதியைக் கொண்டு படித்தான்.

இம்முடிச்சை அவிழ்த்து, குகைக் கல்வெட்டுகளின் எழுத்துமுறை எந்தெந்தப் படிகளில் வளர்ந்தது என்பதை முறையாக வகுத்துக் காட்டியவர் ஐராவதம் மகாதேவன்.

புகளூரில் மூன்று தலைமுறை

ஐராவதம் மகாதேவன் 1930இல் பிறந்தவர். 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். கல்வெட்டாய்வு அவர் ஊதியம் பெற்ற தொழிலன்று. அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதிலும் விடுமுறை நாள்களிலும் மலையேறியே அவர் இக்கல்வெட்டுகளை ஆராய்ந்தார்.

கரூருக்கு அருகே வேலாயுதம்பாளையத்தை அடுத்த ஆறுநாட்டார் மலையில் உள்ளவை புகளூர்க் கல்வெட்டுகள். பாறை கரடுமுரடானது; இயற்கையான வெடிப்பும் உளி வெட்டும் கலந்து கிடக்கும். 1920களிலேயே அவை படியெடுக்கப்பட்டிருந்தும், அவற்றில் இடம்பெற்ற அரசர் யாவர் என்பது தெளிவுபடாமலே இருந்தது. 1965இல் மகாதேவன் அதனைப் படித்தறிந்தார். யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் சமண முனிவருக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ. அவன் மகன் இளங்கடுங்கோ. இளங்கடுங்கோ இளவரசனான காலத்தில் அவ்வறம் செய்யப்பட்டது.

ஆதன், இரும்பொறை, கடுங்கோ என்னும் பெயர்களைக் கண்டபோது பதிற்றுப்பத்தைக் கற்றவர் உள்ளத்தில் மின்னல் அடித்தாற்போல் ஒரு நினைவு எழாமல் இராது. அந்நூலின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களாகிய சேரர் குடியின் மூன்று தலைமுறையோடு கல்லிலுள்ள மூன்று தலைமுறையும் ஒத்து நின்றன. ஏட்டில் மட்டும் வாழ்ந்த அரசர் கல்லிலும் தென்பட்டனர். சங்க இலக்கியத்தின் வரலாற்றுத் தன்மையை ஐயுற்றோர்க்கு இது வலுவான விடையாயிற்று.

இக்கண்டுபிடிப்பின் பின்னே வேறோர் உழைப்பும் இருக்கிறது. பதிற்றுப்பத்தை உ.வே. சாமிநாதையர் 1904இல் அச்சேற்றினார். அந்நூல் ஓலைச்சுவடியிலேயே அழிந்திருந்தால், புகளூரின் எழுத்தைப் படித்தவருக்கும் அப்பெயர்கள் வெறும் பெயர்களாகவே நின்றிருக்கும். துதிக்கையைக் கண்டு யானையை உணர்பவன், முன்பு யானையைக் கண்டவனாக இருத்தல் வேண்டும். உள்ளுணர்வு என்பது பெரும்பாலும் மறந்துபோன கல்வியின் விரைந்த விடையே. தாரணையில் நிறைந்தவை எவையோ, அவையே அடுத்த அவக்கிரகத்துக்கு ஒளி தருகின்றன.

மாங்குளத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அங்குள்ள கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரை மகாதேவன் கண்டறிந்தார். அவ்வரசனின் அலுவலனாகிய கடலன் வழுதி, கணி நந்தன் என்னும் முனிவருக்குப் பள்ளி அமைத்த செய்தி வெளிப்பட்டது. வெள்ளறை நிகமம் என்னும் வணிகர் குழுவின் கொடையும் அக்குன்றிலேயே பதிவாகியுள்ளது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என அவர் கணித்த இக்கல்வெட்டுகள், தமிழில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் இடம்பெறுகின்றன. அரசனின் அலுவலரும் வணிகரும் சமண முனிவரை ஏத்தித் தமிழிலேயே எழுதிவைத்த சான்றுகள் அவை.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் காத்திருந்த கருத்து

அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவர் ஆட்சிக்கு அப்பாற்பட்ட தென்னாட்டாரைக் குறிப்பிடும்போது, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என வரிசைப்படுத்துகிறது. சோழரும் பாண்டியரும் எவரென்பதில் ஐயமில்லை. கேரளபுத்திரர் சேரர் என்பதும் தெளிவு. சத்தியபுத்திரர் யாவர் என்னும் வினாவே நெடுங்காலம் விடையின்றி நின்றது.

விடைகள் இல்லாமலில்லை, பல இருந்தன. காஞ்சிபுரத்துக்குச் சத்தியவிரத க்ஷேத்திரம் என்னும் பெயர் உண்டாதலால் அப்பகுதியார் என்றனர் சிலர். வாய்மொழி தவறாதவர் எனப் புகழ்பெற்ற கோசர் என்றனர் வேறு சிலர். மகாராட்டிரத்தில் வழங்கும் ஒரு குடிப்பெயரைச் சுட்டினாரும் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஒலி ஒப்புமையிலோ பொருள் ஒப்புமையிலோ தோன்றிய கருத்து. ஒவ்வொன்றும் கூறியவருக்கு உறுதியாகவே தோன்றியிருக்கும்.

1937இல் கே.ஜி. சேஷையர், சங்ககாலச் சேர மன்னர் பற்றிய தம் ஆங்கில நூலில், சத்தியபுத்திரர் என்பார் தகடூரை ஆண்ட அதியமான் குடியினரே எனக் கருத்துரைத்தார். மொழியியல் நோக்கில் அக்கருத்துக்கு ஓர் இயைபு இருந்தது. 'புத்திரர்' என்பதற்கு நேரான தமிழ்ச் சொல் 'மகன்'. சேரமகன் சேரமான் ஆனாற்போல அதியமகன் அதியமான் ஆகும். சொல் முதலிலுள்ள சகரம் தமிழில் கெடுவது உண்டாதலால் 'சதிய' என்பது 'அதிய' என நிற்கும். மொழியியலறிஞர் தாமஸ் பரோவும் இதனை ஆதரித்தார். எனினும் கல்லில் சான்று இல்லை. ஆகவே பல கருத்துகளுள் அதுவும் ஒன்றாகவே இருந்தது.

1981இல் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் ஒரு குகைக் கல்வெட்டைக் கண்டனர். சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் என்பதே அதன் செய்தி. அசோகர் குறித்த பெயரும் ஔவையார் பாடிய வள்ளலின் பெயரும் ஒரே வரியில் அடுத்தடுத்து நின்றன. நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கூறப்பட்ட கருத்து அன்று துணிபாயிற்று. மேல்சித்தாமூருக்குச் சென்று வரும் குடும்பங்களுக்கு அந்நிலப்பகுதி அயலானதன்று; அங்குள்ள ஒரு பாறை, அனைத்திந்திய வரலாற்றின் ஒரு பெருவினாவுக்கு விடை சொல்லிற்று.

சேஷையரின் கருத்து மெய்யாயிற்று என்பதை மட்டும் கண்டு உள்ளுணர்வைப் போற்றுவது எளிது. அதே வினாவுக்குப் பிறர் கூறிய விடைகளும் உள்ளுணர்வால் பிறந்தவையே. அவை பிழைத்தன. 1980இல் ஒருவர் இவ்விடைகள் அனைத்தையும் ஒருங்கே வைத்து நோக்கினால், எது மெய் என உறுதியாகத் துணிய வழியில்லை. உறுதி என்னும் உணர்வு, மெய்ம்மைக்கு அளவுகோலாகாது. சிறகடிப்பைக் காணும்வரை, 'கொக்காக இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூற அறிவுடையோன் துணியான். 'ஸ்யாத்' என்னும் சொல்லைத் தத்துவத்தின் தலைவாயிலில் வைத்த மரபுக்கு இது புதிய பாடமன்று.

கிட்டாத துணிவு

ஐராவதம் மகாதேவனின் வாழ்க்கையிலேயே இதற்கு எதிர்முகமான மற்றொரு சான்றும் உண்டு. சிந்துவெளி எழுத்துகளை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவ்வெழுத்துகள் வரும் இடங்களை எல்லாம் தொகுத்து அட்டவணைப்படுத்திய அவரது பெருநூல் 1977இல் வெளிவந்தது. அம்மொழி திராவிடமாக இருத்தல் கூடும் என்பது அவர் கொண்டிருந்த கருத்து. அதற்கான காரணங்களையும் அவர் விரிவாக எழுதினார். ஆனால் சிந்துவெளி எழுத்தைப் படித்தறிந்துவிட்டதாக அவர் ஒருபோதும் உரிமை கோரவில்லை. இருமொழிக் கல்வெட்டு ஒன்றும் கிடைக்காத நிலையில், கருத்து கருத்தாகவே நிற்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

புகளூரில் துணிந்தவரும் அவரே. சிந்துவெளியில் துணியாது நின்றவரும் அவரே. இரண்டிடத்தும் ஆர்வம் ஒன்று, கூர்மை ஒன்று, உழைப்பும் ஒன்று. ஓரிடத்தில் பதிற்றுப்பத்து என்னும் சிறகடிப்பு இருந்தது. மற்றோரிடத்தில் அது இல்லை. எங்கே முடிவெடுப்பது, எங்கே முடிவை ஒத்திவைப்பது என்னும் இவ்வேறுபாட்டில்தான் ஓர் அறிஞரின் ஆளுமை விளங்குகிறது.

தம் துணிபுகளையும் அவர் மீண்டும் சோதித்தார். 1960களில் தாம் வெளியிட்ட வாசிப்புகளோடு அமையாமல், 1990களில் மீண்டும் குகைதோறும் சென்று எழுத்துகளை நேரில் ஒப்புநோக்கினார். 2003இல் வெளிவந்த 'எர்லி தமிழ் எபிகிராஃபி' என்னும் நூலில் தம் பழைய வாசிப்புகள் பலவற்றைத் திருத்தியமைத்தார். எழுபது வயதைக் கடந்த நிலையில், புகழ் தந்த பழைய முடிவுகளையே மறுபடியும் கல்லோடு வைத்துப் பார்த்துத் திருத்துவதற்கு, கூர்மையைவிட அரியதொரு பண்பு வேண்டும். தன் கருத்தின்மீது பற்று வைக்காமை அது. பொருளின்மீது பற்று விடுவதை அபரிக்கிரகம் என்று கூறும் நெறியில் வளர்ந்தோர்க்கு, கருத்தின்மீது பற்று விடுவதன் அருமை எளிதில் விளங்கும்.

தமிழ்ச் சமணர்க்கு இவ்வரலாறு தரும் பொருள்

தமிழ்ச் சமணக் குடும்பத்தினர் வெளியூர்களில் அடிக்கடி எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. 'நீங்கள் வடநாட்டிலிருந்து வந்தவர்களா?' என்பதே அது. சமணர் என்றால் வடநாட்டு வணிகர் என்னும் எண்ணம், கேட்பவர் உள்ளத்தில் முன்பே பதிந்துகிடக்கும் அவக்கிரகம். வெண்மையைக் கண்டவுடன் கொடி என்பார் போன்றவர் அவர். அவர்மீது சினங்கொள்வதற்கு மாறாக, மாங்குளத்தையும் புகளூரையும் ஜம்பையையும் சுட்டுவதே தக்க விடை. தமிழ் எழுத்தின் மிகப் பழைய பதிவுகள் சமண முனிவரின் கற்படுக்கைகளுக்கு அருகே இருக்கின்றன. அவற்றைப் படித்தறிந்து உலகுக்கு அறிவித்த சுப்பிரமணிய ஐயரும் மகாதேவனும் சமணர் அல்லர் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. சான்றின்வழி நின்ற துணிவாதலால், எச்சமயத்தாரும் அதனை ஏற்க முடிகிறது.

இவ்வரலாறு சமூகத்தாரை நோக்கியும் ஓர் எச்சரிக்கை விடுக்கிறது. பெருமித உணர்வும் ஒருவகை முதற்பற்றே. ஜம்பையில் அதியமான் உறைவிடம் கொடுத்தான் என்பது கல் கூறும் செய்தி. அவன் சமணனாகவே வாழ்ந்தான் என்பது கல் கூறாதது. பல சமயத்தாரையும் போற்றிய அரசர் அக்காலத்தில் இருந்தனர். மாங்குளத்து நெடுஞ்செழியனைச் சங்க நூல்கள் பாடும் அப்பெயருடைய மன்னர் ஒருவரோடு உடனே ஒன்றாக்கிவிட உள்ளம் விழையும். பெயரொற்றுமை ஒன்று மட்டும் அதற்குப் போதாது. கற்படுக்கை உள்ள குகைகள் அனைத்தையும் ஆராயாமலே சமணருடையவை என்பதும், பழைய நூல் ஒவ்வொன்றையும் சமண நூல் என உரிமை கொள்வதும், பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயரிட்டவர் செய்த பிழையின் மறுவடிவமே. சான்றுள்ள இடத்தில் உரத்துக் கூறுவதற்குரிய தகுதி, சான்றில்லாத இடத்தில் அமைதி காப்பவர்க்கே வாய்க்கும்.

தாரணை என்னும் நான்காம் படியும் எஞ்சியிருக்கிறது. அறிந்ததை நினைவில் நிறுத்துவது அதன் பணி. குன்றுகள் கல்லுடைப்புக்கு இலக்காவதையும், பழைய எழுத்துகளின்மீது வருவோர் தம் பெயரைக் கிறுக்கிச் செல்வதையும் காணும்போது, ஊர்மக்கள் ஒரு காலத்தில் அடைந்த மறதி மீண்டும் சூழுமோ என்னும் அச்சம் எழுகிறது. எழுத்து அழிந்தபின் எத்தகைய உள்ளுணர்வும் அதனை மீட்டுத்தாராது. மதுரைப் பகுதியின் அரிட்டாபட்டியை 2022இல் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அக்குன்றிலும் பழைய கல்வெட்டும் சமணத் திருவுருவமும் உள்ளன. ஏனைய குன்றுகளுக்கும் இத்தகைய காப்பு கிட்டுவதற்கு, அவற்றின் பொருளை அறிந்தவர் அவ்வப்போது அங்குச் சென்று வருதல் இன்றியமையாதது.

விழா நாளில் ஆலயத்துக்குச் செல்லும் குடும்பம், ஆண்டில் ஒரு நாள் இக்குன்றுகளுள் ஒன்றுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பாறையில் தேய்ந்த எழுத்தைக் காணும் சிறுவன், 'இது என்ன எழுத்து?' என்று கேட்பான். உடனே விடை கூறிவிடாமல், 'உனக்கு என்னவாகத் தோன்றுகிறது?' என்று திருப்பிக் கேட்கலாம். அவன் தோன்றியதைக் கூறட்டும். அதன்பின், 'அது சரியா என்று எவ்வாறு அறிவாய்?' என்று கேட்கலாம். முதல் வினா அவன் உள்ளுணர்வை மதிக்கிறது. இரண்டாம் வினா அவனை அறிவுக்கு அழைத்துச் செல்கிறது. கணி நந்தரும் செங்காயபரும் துயின்ற கற்படுக்கையின் அருகே கேட்கத்தக்க வினாக்கள் அவை.

வாழ்க அறம்! வளர்க நல்லறிவு!